கடைசியாக வாயில் போட்டது என்ன?

வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் பயத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. போன் மணி அடித்தால் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் இன்னமும் முதலில் தோன்றுகிறது. போன வாரமும் அப்படித்தான் அடித்தது. நான் வேலை பார்த்த குடி மீட்பு வார்டில் இப்போது இருக்கும் நர்ஸ் பெண் பேசினாள்.

"சிஸ்டர், ஒரு பேஷண்ட்டோட சம்சாரம் பொடி டப்பா ஒண்ணக் கொண்டாந்திருக்காங்க. போன்ல விளம்பரம் பாத்து வாங்குனாங்களாம். முழுக்க மூலிகை, குடிக்கிறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கலாம்னு போட்டிருக்கு. குடுக்கலாமானு கேக்குறாங்க."

"குடுக்கக் கூடாதுன்னு சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

அந்த ஏனுக்குப் போனில் பதில் சொல்லி முடியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது. அவளுக்காக எழுத உட்கார்ந்தாலும், அந்த டப்பாவை வாங்கிய அம்மாளும் படித்தால் நல்லது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அகரம் பக்கம் விவசாயக் குடும்பம். மதுரையில் நர்சிங் படித்தேன். விரிப்பில் சுருக்கம் விழாமல் கட்டில் போடவும், கை நடுங்காமல் ஊசி போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். குடியைப் பற்றி ஒரு வகுப்புகூட எடுத்த ஞாபகம் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் சேர்ந்து, குழந்தையும் தாயுமாகப் பல வருஷம் நிம்மதியாக ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே குடி மீட்பு வார்டு திறந்தார்கள். மற்ற நர்ஸுகள் எல்லோரும் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் சொல்வதற்குள் என் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "இத்தனை நாளா அழுகுற பிள்ளைகளத் தூக்குன. இனி அம்புட்டும் மீசை வச்ச பிள்ளைக" என்றார். கேலிதான். ஆனால் ஒரு வாரத்தில் அது உண்மை என்று தெரிந்துவிட்டது.

வார்டு டாக்டர் பெயர் ஜெயசீலன். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். எங்கள் மதுரைப் பேச்சுக்கு நடுவில் அவருடைய 'ஏனுங்க' தனியாகக் கேட்கும். போதையில் வந்து கெட்ட வார்த்தை பேசுகிறவனிடமும் "என்னங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்றுதான் பேசுவார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வார்டில் ஒரு தட்டுகூடச் சத்தம் போடாது.

புதிதாக ஒருவன் வந்தால் செய்ய வேண்டிய முறை ஒன்று வைத்திருந்தார். முதலில் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைக்க வேண்டும். கை நடுங்குவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளில் தெரிந்துவிடும். அடுத்து வைட்டமின் ஊசி. அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் பாட்டில். கூட வந்தவர்கள், "மொதல்ல பாட்டில ஏத்துங்கம்மா, ஆளு தொவண்டு கெடக்கான்" என்று பறப்பார்கள். வருஷக்கணக்கில் குடித்தவன் உடம்பில் அந்த வைட்டமின் கொஞ்சநஞ்சம்தான் மிச்சமிருக்கும். குளுக்கோஸ் முன்னால் போனால் அதையும் தின்றுவிடும், மூளை கெட்டுவிடும். நான் பாட்டிலைக் கையில் எடுத்தால் போதும், டாக்டர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து, "ஊசி போட்டாச்சுங்களா சிஸ்டர்?" என்பார். போட்டுவிட்டேன் என்று நூறு தடவை சொல்லியிருந்தாலும் நூற்றியோராவது தடவையும் கேட்பார். எனக்குப் பிடித்த மனிதர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பயப்படுகிறவளுக்குப் பயப்படுகிறவரைத்தானே பிடிக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. குடித்தாயா, எவ்வளவு குடித்தாய் என்று அவர் கேட்க மாட்டார். "கடைசியா வாயில என்னங்க போட்டீங்க?" என்பார். வெற்றிலை, மூக்குப்பொடி, நாட்டு மருந்து, கோயில் தீர்த்தம், எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இதை எதற்குக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அகரத்துக்காரர் ஒருவர் வந்த பிறகுதான் புரிந்தது.

அவர் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். நல்ல குடிகாரர். குடியை விட்ட இரண்டாம் நாள் பிதற்றல் வந்துவிட்டது என்று மகன்கள் தூக்கி வந்தார்கள். படுக்கையில் உட்கார்ந்து விரிப்பிலிருந்து பூப் பறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போடுவதும், "ஏலே, வெயிலு ஏறுது, வெரசாப் பறிங்கடா" என்பதும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வருவது உண்டு. நானும் அதுதான் என்று நினைத்து அதற்கான ஊசியை எடுத்து வைத்தேன். டாக்டர் வந்தார். அகரத்துக்காரரின் அக்குளில் கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். சுட்டது, ஆனால் காய்ந்து கிடந்தது.

"குடி விட்டு வர்ற பிதற்றல்னா வேர்த்துக் கொட்டோணுமுங்க. இவருக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லை" என்றார். பிறகு மகன்களிடம் திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

குடியை மறக்கடிக்கிறேன் என்று யாரோ ஒரு வைத்தியர் கஷாயம் கொடுத்திருக்கிறார். அதில் ஊமத்தை விதை; பிதற்றவும் வைக்கும், வேர்வையையும் அடைத்துவிடும். ஆளைத் தெளிய வைத்துக் காப்பாற்றிவிட்டோம். மகன்கள் கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: "செடிதான சிஸ்டர், அது என்ன செஞ்சிறும்?"

டாக்டருக்கு அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. சில நாள் கழித்து, "ஏனுங்க சிஸ்டர், செடிக்கு ஒருத்தரப் பைத்தியமாக்குற அளவு வேகம் இருக்குதுன்னா, ஒருத்தரைத் திருத்துற வேகமும் எதுலயாச்சும் இருக்கோணுமில்லீங்களா?" என்றார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வார்டில் இவர் எதையோ ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆரம்பித்துவிட்டார்.

பேகம்பூரில் ஒரு ஹக்கீம் இருந்தார். யுனானி முறையாகப் படித்தவர். வார்டில் எல்லோருக்கும் ஹக்கீம் பாய். அவரும் டாக்டரும் மாதக்கணக்கில் பேசி, இரண்டு மருந்துச் சரக்கை எடுத்துக்கொண்டார்கள். சீந்தில் கொடி, அமுக்கராக் கிழங்கு. குடியை விட்டவனுக்குச் சில வாரம் தூக்கம் வராது, மனது பரபரக்கும், அந்தப் பரபரப்பில்தான் மறுபடியும் கடைக்குப் போவான். அமுக்கரா அந்தப் பரபரப்பைத் தணிக்குமா, சீந்தில் உடம்பைத் தேற்றுமா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக் குழுவிடம் அனுமதி வாங்கினார்கள். சரக்கைத் தூளாக்கிக் காப்ஸ்யூலில் அடைத்தார் ஹக்கீம் பாய். இன்னொரு பங்கு காப்ஸ்யூலில் வெறும் மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று ஹக்கீம் பாய்க்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மருந்து தின்றவனைப் பார்த்து நாம் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிடுவோம், அந்தச் சிரிப்பிலேயே அவன் தேறிவிடுவான் என்பார் டாக்டர். சேருகிறவர்களிடம் இதை மறைக்கவில்லை. உங்களுக்குக் கிடைப்பது வெறும் மாவாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் மருந்துதான் கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

புதன்கிழமை தோறும் வந்து என் முன்னால் ஒன்றை விழுங்கிவிட்டு, அந்த வாரத்துக்கானதை வாங்கிப் போவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் செல்வராசு. வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை. மில்லில் அவருக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். இனி ஒரு தடவை குடித்துவிட்டு வந்தால் வேலை கிடையாது. முன்பே இரண்டு தடவை எங்கள் வார்டில் படுத்து, இரண்டு தடவையும் வீட்டுக்குப் போன ஒரே மாதத்தில் திரும்பிக் குடித்தவர். இந்தத் தடவை நின்றார். ஆடியில் சேர்ந்தவர் ஐப்பசி அடைமழையிலும் ஒரு புதன் தவறாமல் வந்தார். முகத்தில் சதை பிடித்தது. "சிஸ்டர், இந்த மருந்து சாமி மாதிரி" என்பார். நான் சந்தோஷப்படவில்லை. நன்றாக இருக்கிறவனைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம்.

அவர் மனைவி பாண்டியம்மாளுக்கு என்னைவிடப் பயம். ஒரு புதன்கிழமை புருஷனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், இங்க ஒரு மாத்திரை குடுப்பீகளாம்ல. அதத் தின்னுட்டுக் குடிச்சா கொடலு வெளிய வந்துருமாம்ல. எனக்கு நாலு குடுங்க. நான் சோத்துக்கு ஊத்துற வெஞ்சனத்துல கலந்து குடுத்துர்றேன்."

வாரத்துக்கு ஒரு பெண்ணாவது இதைக் கேட்பாள். டைசல்பிரம் என்று அந்த மாத்திரைக்குப் பெயர். அது குடியின்மேல் உள்ள ஆசையைக் குறைக்காது. அதைத் தின்றவன் குடித்தால், சாராயம் உடம்பில் பாதியில் விஷமாக நின்றுபோகும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். அதனால் தின்கிறவனுக்குத் தெரிந்து, அவனே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்போம்.

"அவருக்குத் தெரியாமக் குடுக்கக் கூடாது பாண்டியம்மா. அது வேலி இல்ல, கண்ணி. தெரியாம மிதிச்சா செத்துப் போவாரு. இப்பத்தான் நல்லா இருக்காரே, நம்பேன்."

"போன வாட்டியும் நல்லாத்தான் இருந்தாரு. நான் ராத்திரியில செத்த நேரம் கண்ண மூடுனா, எந்திரிச்சுப் போயிருவாரோன்னு இருக்கு. நம்பச் சொல்றது லேசு சிஸ்டர்."

அவள் சொன்னது நியாயம்தான். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். மில் வேன் வாசலில் வந்து நின்றது. செல்வராசுவை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள்.

"மறுபடியும் ஊத்திட்டான் சிஸ்டர்" என்றான் ஒருவன். "சிப்டுலயே விழுந்துட்டான். சூப்பர்வைசர் கண்டுட்டாரு. சீட்டுக் கிழிஞ்ச மாதிரிதான்."

கட்டிலில் கிடத்தினோம். முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது தள்ளி நின்றாலே தெரிந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் நாக்குக் குழறவில்லை. "நான் குடிக்கல. எம்மகமேல சத்தியமாக் குடிக்கல" என்று திருத்தமாகச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தேன், மிகக் கீழே இருந்தது; கருவியில் கோளாறோ என்று மறுபடி பார்த்தேன். கோளாறு இல்லை. கால் பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, சலைன் ஓட்ட ஆரம்பித்தபோது டாக்டர் ஓடி வந்தார்.

ஒரு பார்வை பார்த்தார். "இது டைசல்பிரம் வேலையாச்சே. இவருக்கு யாருங்க குடுத்தது?"

யாரும் கொடுக்கவில்லை. அவருக்கு நாங்கள் கொடுத்தது காப்ஸ்யூல் ஒன்றுதான். அதுவும் என் கையால். அடைக்கும்போது ஏதாவது தப்பு நடந்திருந்தால்? இவருக்கு மட்டுமா, எத்தனை பேர் வீட்டில் அந்தப் பொட்டலம் இருக்கிறது? டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆனால் அன்றைக்குத் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, பயம். காப்ஸ்யூல் வாங்கிப்போன எல்லோரையும் ஆளனுப்பி நிறுத்தச் சொன்னார். பிறகு செல்வராசுவின் காதருகே குனிந்தார்.

"கடைசியா வாயில என்னங்க போட்டீங்க? பயப்படாமச் சொல்லுங்க."

"சோறு... காலையில உங்க காப்ஸ்யூலு... அப்புறம் இருமல் மருந்து."

பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருமல் கூடவே பிறந்தது. வேடசந்தூரில் ஒரு கடையில் ஆடாதொடை அரிஷ்டம் வாங்கியிருக்கிறார். கூட வந்தவன் வேனிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்தான். பாதி காலி. மூடியால் அளந்து குடிக்க வேண்டியதை இருமல் நிற்கவில்லை என்று அப்படியே வாயில் கவிழ்த்திருக்கிறார். அரிஷ்டம் என்றால் புளிக்க வைத்து எடுப்பது. அதில் தானாகவே சாராயம் ஊறியிருக்கும். பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"காந்துச்சு சார். மருந்துன்னா காந்தத்தான செய்யும்னு நெனச்சேன்."

சாராயம் எப்படிப் போனது என்று தெரிந்துவிட்டது. ஆனால் டைசல்பிரம் எப்படிப் போனது? அரிஷ்டம் மட்டும் ஒருவரை இப்படிச் சாய்க்காது.

பாண்டியம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அவருக்கு இன்னும் அழுத்தம் ஏறவில்லை. கட்டிலைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். புருஷன் குடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டு வருகிற மனைவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் திட்டுவார்கள். இவள் திட்டவில்லை. அவளை வார்டுக்குப் பின்னால் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். என்ன கொடுத்தாய் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டாள். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"காலையில என்ன குழம்பு வச்ச?"

"கத்திரிக்காப் புளிக்குழம்பு."

"எப்படி வைப்ப? சொல்லு."

"புளி கரைச்சு... மல்லித்தூளு, வத்தத்தூளு... தாளிச்சு எறக்கி, அவருக்குத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து..."

நின்றுவிட்டாள்.

"எதுக்குத் தனியா?"

குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வித்தான் சிஸ்டர். தீபாவளிக்கு முன்னாடியிருந்து போடுறேன். பச்சிலைப் பொடிதான். நீங்க குடுக்குறதும் பச்சிலைதான. ரெண்டாக் குடுத்தா ரெண்டு மடங்கு கேக்கும்னுதான்... நான் அவரக் கொல்ல நெனைக்கல சிஸ்டர். போலீசுல சொல்லிறாதீக."

"சொல்ல மாட்டேன். பொடி எங்க?"

இடுப்பில் சுருட்டி வைத்திருந்தாள். வார்டுக்கு ஓடினேன். டாக்டரும் அதற்குள் வரவழைத்திருந்த ஹக்கீம் பாயும் அதைப் பிரித்தார்கள். ஹக்கீம் பாய் உள்ளங்கையில் கொட்டி விரலால் பரப்பினார். பச்சைத் தூளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் துகள். "இந்த வெள்ளை எந்த இலையிலயும் கெடையாது டாக்டர்" என்றார். பின்னால் மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில், பச்சிலையோடு அதே மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பதாகச் சொன்னார்கள். விற்றவனைத் தேடிப் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவன் இல்லை.

சாயந்தரம் அழுத்தம் மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஆனால் டாக்டர், ஆள் பிழைத்ததோடு வேலை முடிந்தது என்று விடுகிறவர் இல்லை. இரண்டு நாள் கழித்து, செல்வராசு எழுந்து உட்கார்ந்ததும், பாண்டியம்மாளே அவரிடம் சொல்ல வேண்டும் என்றார்.

"வேணாம் டாக்டர்" என்றேன். "தெரிஞ்சா அந்த ஆத்திரத்துலயே குடிச்சிருவாரு."

"தெரியாம ஒண்ணு உள்ள போனதுலதானுங்க இங்க வந்து கெடக்கிறாரு. இன்னும் ரெண்டு வாரத்துக்கு அந்த மருந்து உடம்பு விட்டுப் போகாது. அது அவருக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

பாண்டியம்மாள் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செல்வராசு போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் நிறுத்துனேன்னு நெஞ்ச நிமித்திட்டுத் திரிஞ்சேன். இவ என்னய மாட்டக் கட்டிப்போட்ட மாதிரிக் கட்டிப்போட்டிருக்கா" என்றார்.

டாக்டர் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பொடி யாரையும் கட்டிப்போடாதுங்க. குடிச்சா அடிக்கும், அம்புட்டுத்தான்" என்றார். எங்கள் ஊர்ச் சொல் அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான். "தீபாவளிக்கு முன்னாடியிருந்து உங்க உடம்புல அது இருக்குது. ஒரு நாள் ஒரு வாய் குடிச்சிருந்தாலும் அன்னைக்கே இங்க வந்திருப்பீங்க. வரலை. நீங்க சொன்னது அத்தனையும் நெசம்னு உங்க சம்சாரம் வாங்குன பொடியே சாட்சி சொல்லுதுங்க."

பாண்டியம்மாள் அப்போதுதான் அழுதாள். அந்த ஆளைச் சந்தேகப்பட்டு வாங்கிய பொடி, அவரை நம்பியிருக்கலாம் என்று அவளிடமே சொல்லிவிட்டது.

செல்வராசு முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப எல்லாம் உங்க காப்ஸ்யூல் செஞ்ச வேலதான் சார்."

நான் டாக்டரைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். இந்த மாதிரி ஆபத்து வந்தால் ஒருவருக்கு எது கொடுத்தோம் என்று திறந்து சொல்லலாம் என்பது விதி. செல்வராசு விழுந்த அன்றைக்கே ஹக்கீம் பாய் சொல்லிவிட்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"உங்களுக்கு வந்தது மருந்து இல்லைங்க. கேப்பை மாவு" என்றார் டாக்டர்.

செல்வராசு சிரிப்பார் அல்லது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டார். சாயந்தரம் வீட்டுக்கு அனுப்பும்போது, சாராய வாடையுள்ள எதையும் தொடக் கூடாது, அரிஷ்டமும் கூடாது, டானிக்கும் கூடாது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை. மனைவிக்கு முன்னால் தனியாக நடந்தார். எங்கள் வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு ஒயின் ஷாப். கேட்டில் நின்று பார்த்தேன். அந்த இடத்துக்கு அவர் போய்ச் சேருவதற்குள் ஒரு லாரி வந்து மறைத்துக்கொண்டது. லாரி போன பிறகு ரோட்டில் அவரும் இல்லை, பாண்டியம்மாளும் இல்லை.

அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பேன், அது பொங்கி வழிந்து அணைந்திருக்கும். டாக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு உண்மை ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் எதற்கு? மில்லுக்கு டாக்டர் தானே போய்ச் சூப்பர்வைசரிடம் பேசி, குடித்ததால் வந்த மயக்கம் இல்லை என்று விளக்கிவிட்டு வந்தார். வேலை தப்பியது. போன இடத்தில் வேறொன்றும் கேள்விப்பட்டு வந்தார். செல்வராசு வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லையாம், மூன்று வேளையும் மில் கேன்டீனில்தானாம். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. வீட்டுச் சோற்றை விட்டவன் அடுத்து எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஹக்கீம் பாயின் காப்ஸ்யூலில் தப்பில்லை என்று உறுதியானதும் தொடர்ந்து நடத்தி முடித்தார்கள். மருந்து தின்றவர்களில் சிலருக்குத் தூக்கம் நன்றாக வந்தது. குடி ஆசை அதனால்தான் குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்றே டாக்டர் எழுதினார். செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கே யாராவது கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்கட்டும். ஆனால் எதில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு போகிறது என்பது தின்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் கொடுப்பது கசக்காத இலையாக இருந்தாலும் எனக்குப் பயம்தான்.

செல்வராசுவிடம் வருகிறேன். அடுத்த புதன்கிழமை எல்லோரும் வந்து போனார்கள். அவர் வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டது. மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு, டாக்டரிடம் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று திரும்பினேன். வாசலில் செல்வராசு நின்றார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, வேலை முடிந்து வீட்டுக்குப் போயும் குளிக்காமலே வந்திருக்கிறார். பின்னால் பாண்டியம்மாள், கையில் தூக்குச்சட்டி. அருகில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். கஞ்சி வாடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் மோந்து பார்ப்பது தெரிந்து நன்றாக ஊதிக் காட்டினார்.

பழக்க தோஷத்தில் அலமாரிச் சாவியை எடுத்தேன். "வேணாம் சிஸ்டர்" என்றார். தூக்குச்சட்டியை வாங்கித் திறந்து என்னிடம் காட்டினார். கேப்பைக் களி, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு.

"என் கண்ணு முன்னாடிதான் கிண்டுனா. அவளும் இதுலதான் திங்கப்போறா. அதே மாவுதான சிஸ்டர்? இனி தெரிஞ்சே திங்கிறேன்."

எங்கள் வார்டு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.